சாய்ந்த காலுக்கு ஓர் அச்சு

ஏஞ்சலாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் யாராவது வாய் நிறையச் சிரித்து, "என்ன மிஸ், சொகமா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கேட்டவர் திரும்பி நாலு எட்டு நடந்த பிறகுதான், அட, இது போன வருஷம் இடது முழங்காலுக்கு வந்தவரல்லவா என்று பிடிபடும். அதற்குள் அவர் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறியிருப்பார். தலைக்கனம் பிடித்தவள் என்று டவுனில் பேர். தலைக்கனமாவது மண்ணாவது! கண் எந்நேரமும் கீழேயே கிடந்தால் முகம் எங்கிருந்து தெரியும்?

அவள் பிழைப்பு அப்படி. ரயில் பாதைக்குக் கீழே ஒரு சின்னப் பட்டறை. கால் பலவீனமானவர்களுக்கு நடக்கச் சாதனம் செய்து கொடுக்கிற இடம். அளவெடுப்பது, வரைவது, காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பது எல்லாம் ஏஞ்சலா. இரும்பை வளைப்பதும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சின்மேல் இழுப்பதும் ஜூட்சன். அவர் அதற்கு முன் இருபது வருஷம் வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்துகொண்டிருந்தவர். அவளைத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள், மற்றபடி இருவரும் நாள் முழுக்கச் சண்டைதான்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பட்டறையைப் பார்க்க வேண்டும். மூடுபனி வாசல் வழியாகக் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடும். சுவரோரத் தட்டில் வெள்ளை வெள்ளையாக மாவுக்கால்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பேர். பனி தட்டை மறைத்து, சுவரை மறைத்து, கடைசியில் கால்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஏஞ்சலா தூங்கவும் மாட்டாள், விழித்திருக்கவும் மாட்டாள். கால்கள் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறங்கி, ரயில் பாதையைக் கடந்து, அவரவர் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தக் கால் தடுக்குகிறது, எது இழுக்கிறது என்று அந்த மயக்கத்திலேயே தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அதைத் திருத்துவாள். ஜூட்சனிடம் இதைச் சொன்னபோது, "சாப்பிட்ட ஒடனே ஒக்காராத தங்கச்சி, அதான் இப்பிடியெல்லாம் தெரியுது" என்றார்.

வீரம்மா வந்தது ஆனி மாத மழையில். டிக்கோயாவுக்கு அப்பால், மலை மடிப்புக்குள் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் அவள் ஊர். நாற்பத்தைந்து வயது, அதில் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். கணவன் சோலைமலை அவளை முதுகில் சுமந்து வந்து பெஞ்சில் இறக்கினான். கவ்வாத்து வெட்டுகிற ஆள், தேயிலைச் செடியின் தலையைச் சீவிச் சீவி உரமேறிய தோள். இறக்கிய பிறகும் அவன் முதுகு நிமிரவில்லை. இன்னும் யாராவது ஏற வேண்டியிருக்கிறதா என்பதுபோல் வளைந்தே நின்றான்.

"காய்ச்சல்தான் மிஸ் மொத வந்துச்சு" என்றாள் வீரம்மா. "நாலு நாளுல விட்டுருச்சு. அப்புறம் ஒருநா காலையில எந்திரிச்சா பாதம் எங்கயோ கெடக்கு, நான் எங்கயோ கெடக்கேன்."

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரை மீட்டுக்கொண்டு வந்திருந்தாள். இடுப்புக்குப் பலம் திரும்பியிருந்தது. முழங்கால் மட்டும் நின்றால் துவண்டு மடிந்தது. கணுக்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் தொங்கின.

புதிதாக வருகிற எல்லாரிடமும் ஏஞ்சலா ஒரு கேள்வி கேட்பாள். "நடக்க ஆரம்பிச்சா மொதல்ல எங்க போவீங்க?" கோயிலுக்கு என்பார்கள், மகள் வீட்டுக்கு என்பார்கள், டவுனுக்குப் படம் பார்க்க என்று ஒருவர் சொன்னதும் உண்டு. வீரம்மா கணவனைப் பார்த்தாள்.

"ஏங்க, மழ விட்டுருச்சான்னு செத்த வெளியில போயி பாருங்க."

அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "கக்கூசுக்குப் போவேன் மிஸ்."

"சொல்லுங்க."

"லயத்துக்குப் பின்னால பதினாலு படி எறங்கணும். காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போறதுக்கு முன்னுக்கு அவரு தூக்கிட்டுப் போவாரு. உள்ளுக்கு ஒக்கார வச்சிட்டு வெளியில நிப்பாரு. நின்னுக்கிட்டுப் பாட்டு வேற பாடுவாரு, எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதாம். லயமே சிரிக்குது மிஸ். அப்புறம் அந்தியில அவரு வேல விட்டு வாற வரைக்கும் நான் வாயில ஒரு சொட்டுத் தண்ணி வைக்கிறதில்ல. தேத்தண்ணியும் இல்ல. குடிச்சா போவணும்ல?"

அப்போதுதான் ஏஞ்சலா அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருந்ததாலேயே போன மாதம் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் கண்டு, மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருக்கிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுத்தவள் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் பயந்து கிடக்கிறாளே!

"யாரையும் கூப்பிடாம நானே போவணும், நானே வரணும். வெளியில ஒருத்தர் நிக்கக் கூடாது. அவ்வளவுதான் மிஸ், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் வீரம்மா.

"தீவாளிக்குள்ள போவீங்க" என்றாள் ஏஞ்சலா. வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

பட்டறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன்னால் கூரையிலிருந்து நூல் கட்டி ஒரு தூக்குக்குண்டு தொங்கும். காது, தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாம் அந்த நூலோடு ஒரே கோட்டில் வந்தால் ஆள் சரியாக நிற்கிறார் என்று அர்த்தம். ஏஞ்சலாவுக்கு அந்த நூல்தான் வேதம். "நிமிந்து நில்லுங்க" என்பதை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லுவாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா பவுலினும் கொழுந்து எடுத்தவள்தான். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஏஞ்சலாவுக்குப் பரிசு கொடுத்த அன்று அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தலையில் ஒன்றுமில்லை, ஆனாலும் கழுத்தை முன்னால் நீட்டி, முதுகைச் சாய்த்து, கொழுந்து மூட்டையைச் சுமப்பதுபோலவே மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். பின்வரிசைப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். பதினைந்து வயது ஏஞ்சலா அன்றைக்கே பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானித்தாள்: நான் இப்படி நடக்க மாட்டேன், என் கைக்கு வருகிற யாரையும் இப்படி நடக்க விடமாட்டேன். அன்றிலிருந்து அவள் முதுகு தந்திக்கம்பம் மாதிரி நின்றது.

ஆகவே வீரம்மாவையும் நிமிர்த்தினாள். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், முழங்காலில் பூட்டு, பிடித்துக்கொள்ள நாலு கால் வாக்கர். புத்தகத்தில் உள்ளபடி ஒரு நூல் பிசகவில்லை. வீரம்மாவைத் தூக்கி நிறுத்தி, பூட்டைப் போட்டு, நூலைப் பார்த்து, "இப்ப கைய லேசா விடுங்க" என்றாள். வீரம்மா அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தாள். சோலைமலை பிடித்திராவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

இரும்பை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டார்கள். சாய்ந்தாள். குதியை உயர்த்தினார்கள், தாழ்த்தினார்கள். சாய்ந்தாள். வாக்கரை அகலமாக்கினார்கள். வாக்கரோடு சேர்ந்து சாய்ந்தாள். விழுகிற ஒவ்வொரு தடவையும் அவள்தான் முதலில் சிரித்தாள்.

"எனக்கு இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டும் மாட்டி வச்சிருக்கீங்க மிஸ். சாவி எங்க?"

ஜூட்சனுக்குச் சுருக்கென்று பட்டது. "நான் போட்ட கேட்டு ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் சாயல" என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்பானரைத் தேடப் போனார்.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. அடுத்த தடவை விழுந்தபோது வீரம்மா சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து பூட்டைத் தானே கழற்றினாள். "போதும் மிஸ். ஒங்க மேல குத்தமில்ல. நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன். தண்ணி குடிக்காம இருந்து பழகிருச்சு" என்றாள். சோலைமலை குனிந்தான், அவள் ஏறிக்கொண்டாள், இருவரும் மழைக்குள் போனார்கள். கழற்றிப் போட்ட சட்டங்கள் தரையில் அப்படியே கிடந்தன.

ஏஞ்சலா ஆடிப்போனாள். பழகிருச்சு என்று அந்த மனுஷி சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானம் பனி வந்தது. மாவுக்கால்கள் தட்டிலிருந்து இறங்கின, ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. 'வீரம்மா' என்று பேர் எழுதிய இரண்டும் மட்டும் இறங்கவில்லை. வாங்க, வாங்க என்று ஏஞ்சலா மனதுக்குள் கெஞ்சினாள். அவை விறைப்பாக, நூல் பிடித்ததுபோல் நேராக, நின்ற இடத்திலேயே நின்றன.

சனிக்கிழமை பஸ் ஏறினாள். படியை அளந்து வருகிறேன் என்று ஜூட்சனிடம் சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை நாளாக அந்தப் பதினாலு படியைக் கண்ணாலேயே பார்க்காமல் அதற்குச் சாதனம் செய்திருக்கிறாள், பாருங்கள்! தானும் லயத்தில் பிறந்தவள்தானே, லயத்துப் படி தனக்குத் தெரியாதா என்கிற எண்ணம். தெரிந்த இடம் என்று நினைத்துவிட்டால் மனிதன் அங்கே கண்ணைத் திறப்பதே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மேல் டிவிசனுக்கு ஏறுகிறபோது மணி பன்னிரண்டு இருக்கும். பனி மலைமேலிருந்து இறங்கி மூடியிருந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை, தரையோரம் மட்டும் ஒரு முழ உயரத்துக்குத் தெளிவாக இருந்தது. மத்தியானக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். ஆனால் ஆள் தெரியவில்லை. ஏஞ்சலா ஒதுங்கி நின்றாள்.

கால்கள் வந்தன. வெறும் கால்கள். முழங்காலுக்கு மேலே பனிதான். பத்து, இருபது, முப்பது கால்கள் அவளைத் தாண்டிக் கீழே போயின. அவள் பட்டறையில் காண்கிற மயக்கம் மலையிலேயே நடந்ததுபோல் இருந்தது. இது கனவா என்று கூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு தொழில்காரப் புத்தி விழித்துக்கொண்டது. ஒரு கால்கூடக் குதியை முதலில் வைக்கவில்லை. விரல்கள் முதலில் மண்ணைக் கவ்வின. செங்குத்தான இடத்தில் பாதம் குறுக்காகத் திரும்பியது. ஒவ்வொரு எட்டிலும், பாரம் காலில் இறங்குகிற நொடியில், முழங்கால் மெல்லப் பின்னுக்குப் போய்த் தானாகப் பூட்டிக்கொண்டது.

ஏஞ்சலா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். பூட்டு! இரும்பில்லாமல், சாவியில்லாமல், தானாக விழுகிற பூட்டு!

பனிக்குள்ளே நெற்றிக்கு மேலே கயிறு, முதுகில் மூட்டை. மூட்டை பின்னால் இழுக்கும், ஆள் முன்னால் சாய்வாள். உடம்பின் பாரம் முழங்காலுக்கு முன்னால் விழுந்தால் முழங்கால் மடங்க வழியே இல்லை. இருபத்தாறு வருஷம் வீரம்மா நின்றது அந்தச் சாய்வில். அவளைத் தூக்குக்குண்டுக்கு நேராக நிமிர்த்தி வைத்து, விழுகிறாய் விழுகிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் இந்த மகராசி.

லயத்துக்குப் போனபோது வீரம்மா தன் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏஞ்சலாவைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஏன் மிஸ், மறுபடி விழ வைக்கவா வந்தீங்க?" என்றாள், பாதி விளையாட்டாக. ஏஞ்சலா பதில் சொல்வதற்குள் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சேர்ந்தாள். வாய் ஓயாத பெண்பிள்ளை. அவளிடம் ஏஞ்சலா, "அக்கா, ஒங்க சாக்கையும் கயித்தையும் செத்த குடுங்க" என்று கேட்டாள்.

"எதுக்கு மிஸ், கொழுந்தெடுக்கப் போறீங்களா? போங்க போங்க, கங்காணி காத்துக்கிட்டு இருக்காரு."

சாக்கில் மூன்று கிலோ அளவுக்குக் கவ்வாத்து இலையைப் போட்டு, வீரம்மாவின் தலையில் துணியை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டினாள் ஏஞ்சலா. மாட்டியதுதான் தாமதம், வீரம்மாவின் கழுத்து மாறியது. தாடை உள்ளே போனது, தோள் இறங்கியது, கண் எதிரே பத்தடி தூரத்தில் போய் நின்றது. முக்கால் வருஷமாக எங்கோ போயிருந்த ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"எந்திரிங்க" என்றாள் ஏஞ்சலா. "நிமிர வேணாம். கொழுந்து நெறுக்கப் போற மாதிரி நில்லுங்க."

அரைநாள் வேலை முடித்து அப்போதுதான் வந்த சோலைமலை ஒரு கை கொடுத்தான். ஏஞ்சலா தரையில் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் மடங்காமல் தன் கைகளால் இறுக்கிப் பிடித்தாள். வீரம்மா எழுந்தாள். முழங்கால் இரண்டும் நடுங்கின, ஆடின, பிறகு மெல்லப் பின்னுக்குப் போய் நின்றன. பேச்சியம்மா ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினாள். முப்பது வரை எண்ணியும் வீரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அடியாத்தீ" என்றாள் பேச்சியம்மா. "இவ நிக்கிறாடி!"

ஏஞ்சலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து, இன்னொருத்தியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மண்டபத்துக்குள் நடந்து வந்த அம்மாவை நினைத்தாளோ, சிரித்தவர்கள் நடுவே தலையைக் குனிந்துகொண்ட தன்னை நினைத்தாளோ, இரண்டும்தான். "ஐயோ மிஸ், நிக்கிறது நானு, நீங்க ஏன் விழுறீங்க?" என்றாள் வீரம்மா மேலேயிருந்து.

திங்கட்கிழமை பட்டறையில் யுத்தம்.

"சாஞ்ச காலுக்கு அச்சா?" என்றார் ஜூட்சன். "தங்கச்சி, ஊரு ஒலகத்துல கோணலா இருக்குறத நேராக்கத்தான் நம்மகிட்ட வாறாங்க. நீ என்னடான்னா..."

"அண்ணே, அவங்க கோணலா இல்ல. நான்தான் கோணலாப் பாத்துட்டேன்."

ஏஞ்சலா கத்தரிக்கோலை எடுத்துத் தூக்குக்குண்டு நூலைக் கத்தரித்தாள். குண்டு டொங்கென்று தரையில் விழுந்தது. ஜூட்சன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மாவுக்கட்டுத் துணியை நனைக்கப் போனார். சண்டைக்காரர்தான், ஆனாலும் வேலையென்று வந்துவிட்டால் அவரைப்போல் ஒருத்தர் கிடைக்கமாட்டார்.

தலையில் கயிறும் முதுகில் மூட்டையுமாக வீரம்மாவை நிறுத்தி, சாய்ந்த நிலையிலேயே காலுக்கு அச்செடுத்தார்கள். தொடைச் சட்டம் வேண்டாம், பூட்டு வேண்டாம். முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு பிளாஸ்டிக் கூடு. கணுக்கால் மடங்காது. முன்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒரு தகடு. காலில் பாரம் இறங்கினால் அந்தத் தகடு காலைப் பின்னுக்குத் தள்ளும், முழங்கால் நிற்கும். எடை ஒரு செருப்பைவிடக் கொஞ்சம் கூட. நாலு கால் வாக்கரை மூலையில் தள்ளிவிட்டு இரண்டு ஊன்றுகோல் கொடுத்தார்கள். மூட்டையில் மூன்று கிலோ இரண்டானது, இரண்டு ஒன்றானது. கடைசியில் மூட்டையே போய், தலையில் மடித்த துணியும் வெறும் கயிறும் மட்டும் மிஞ்சின. அது இருந்தால் போதும், உடம்பு தன் பழைய சாய்வைப் பிடித்துக்கொண்டது.

படிக்கு ஜூட்சன் குழாயில் கைப்பிடி செய்தார். ஒரே பக்கம்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, செங்குத்தான மலையில் இறங்குவதுபோல் பாதத்தைக் குறுக்காக வைத்துப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அதை வீரம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. சோலைமலை குழி வெட்டினான், பேச்சியம்மா சீமெந்து குழைத்தாள். மூன்று வாரம், ஒரு பக்கம் சோலைமலையும் ஒரு பக்கம் ஏஞ்சலாவுமாகக் கூடவே இறங்கி ஏறிப் பழக்கினார்கள். இறங்குவது சுலபமாக வந்தது. ஏறுவதில்தான் எட்டாவது படியில் வலது முழங்கால் ஒருமாதிரி யோசித்தது. ஏஞ்சலா இரண்டு தடவை தகட்டை இழைத்து மாற்றினாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தனியாகப் போவது என்று முடிவானது. விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ஏஞ்சலா போய்ச் சேர்ந்தபோது பின்பக்கம் திருவிழாக் கூட்டம்! ஆளாளுக்கு இடம் பிடித்து நின்றார்கள். ஏஞ்சலா கையில் போன் வைத்திருந்தாள். இறங்குவதை ஒரு தரம், முக்கியமாக ஏறுவதை ஒரு தரம் படம் பிடிக்க வேண்டும், எட்டாவது படியில் அந்த வலது முழங்காலைப் பார்க்க வேண்டும். மூன்று இரவாக அவளுக்கு அதே நினைப்பு.

வீரம்மா வாசலில் உட்கார்ந்து பெரிய கோப்பையில் தேத்தண்ணி குடித்தாள். அவசரப்படாமல், ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். உதட்டில் வெடிப்பு இல்லை. பிறகு தலையில் துணியை வைத்தாள், கயிற்றை மாட்டினாள், இரண்டு கோலையும் ஊன்றி எழுந்தாள்.

அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கம் வந்தாள். கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். கோல்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒன்று, இரண்டு, மூன்று... லேசாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவதுபோல் இருந்தது. சோலைமலையின் உதடு ஒவ்வொரு படிக்கும் அசைந்தது. பதினாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள், கதவைத் திறந்தாள், உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அப்பாடா என்று லயமே மூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். பேச்சியம்மா குலவை போட்டாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் நிக்கிறீங்களா?"

"இல்ல புள்ள," என்று கத்தினான் சோலைமலை, "நாங்க எல்லாரும் போயிட்டோம்!"

"போன ஆளு எப்பிடிங்க பேசுவீங்க?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏஞ்சலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் படிக்கு நேராகப் பிடித்தாள். கதவு திறக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. கதவு திறக்கவேயில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் ஏஞ்சலாவுக்கு உறைத்தது. வெளியில ஒருத்தர் நிக்கக் கூடாது என்று அந்த மனுஷி முதல் நாளே சொன்னாள். இங்கே ஒருத்தருக்கு முப்பது பேர் நிற்கிறோம். அதிலும் முன்னால், படம் பிடிக்கப் போனையும் நீட்டிக்கொண்டு, யார் நிற்பது? முகத்தில் யாரோ தண்ணீரை விசிறி அடித்ததுபோல் ஆயிற்று அவளுக்கு. போனைப் பைக்குள் போட்டாள்.

"எல்லாரும் போங்க" என்றாள் மெல்ல. "போங்க அக்கா, போங்கண்ணே, அவங்கவங்க வேலையப் பாருங்க."

"ஏறையில விழுந்துட்டா?" என்றாள் பேச்சியம்மா.

"விழுந்தா கூப்புடுவாங்க. கூப்புடலன்னா விழல."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. பேச்சியம்மா தன் காம்பராவுக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். சோலைமலை மட்டும் நகரவில்லை. ஏஞ்சலா அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே ரோட்டுக்குக் கூட்டி வந்தாள். பஸ் வருகிற நேரம். இருவரும் லயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டினான், முன்னால் கட்டினான், தொங்கவிட்டான்.

"பாத்துட்டு வரட்டுமா மிஸ்?"

"வேணாம்ணே."

"இத்தன மாசமா காலையில தூக்கிட்டுப் போவேன்ல, அவ மூச்சு இந்தக் கழுத்துல படும். மூச்ச வச்சே சொல்லிருவேன், இன்னைக்குக் கோவமா இருக்காளா, வருத்தமா இருக்காளான்னு. இப்ப அங்க ஒக்காந்து என்ன நெனைக்கிறான்னு எனக்கு ஒண்ணுமே தெரியலியே மிஸ்."

அவன் குரல் உடைந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே தெரியாத ஓர் உடைசல்.

"அதுக்குத்தாண்ணே இவ்வளவு பாடுபட்டோம்" என்றாள் ஏஞ்சலா.

சோலைமலை தலையை ஆட்டினான். தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

வீரம்மா ஏறி வந்தாளா, எட்டாவது படியில் வலது கால் என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும்! ஹட்டன் பஸ் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஏஞ்சலா ஏறினாள். ஜன்னலோரம் இரண்டு பக்கமும் காலியாகத்தான் கிடந்தது. அவள் லயம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.